கொப்பியில் இல்லாத மரம்

மாரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் பிரதேச சபைக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். “எனது கடைக்கு முன்பாக நிற்கும் வேப்பமரம் ஆபத்தான நிலையில் உள்ளதால் அதனை அகற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” எழுதுகிறவர் மாறுவார், வசனம் மாறாது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மரத்துக்கு ஒரு நோயும் இராது. கடையின் பெயர்ப்பலகை மறைகிறது, பூக் கொட்டுகிறது, நிறுத்திவைத்த வாகனத்தில் காகம் எச்சம் போடுகிறது, அவ்வளவுதான். மரம் நல்ல விலைபோகிற முதிரையாகவோ பாலையாகவோ இருந்தால் மட்டும் நான் கொஞ்சம் கூட நேரம் நிற்பேன். கடிதம் எழுதியவரை விட்டுவிட்டு, “நான் சும்மா வந்தனான்” என்று சொல்லிக்கொண்டு அடிமரத்தைக் கண்ணால் அளக்கிற அந்த மற்ற ஆளைத்தான் பார்ப்பேன்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு பிரதேச சபையில் வேலை மேற்பார்வையாளராக இருந்தேன். மரம் உன் பொறுப்பு என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. வீதி, வடிகான், தெருவிளக்கு, குப்பை, இவைதான் என் வேலை. ஆனால் கான் வெட்டப் போனால் வேர் வரும். விளக்குப் போடப் போனால் கொப்பு மறைக்கும். குப்பை அள்ளப் போனால் அதில் அரைவாசி இலை. இப்படித்தான் மரம் என் தலையில் விழுந்தது; நல்லவேளை, பேச்சளவில்.

“சுத்திவர இவ்வளவு காடு கிடக்க, ரவுணுக்குள்ள மரம் எதுக்கு?” என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் கனபேர். வைகாசிக்குப் பிறகு சோளகம் அனலாக அடிக்கும் ஒரு மத்தியானத்தில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கச் சொன்னால் போதும், அந்தக் கேள்வி வராது. 2009இல் போர் முடிந்த பிறகு சனம் திரும்பி வந்தபோது பல சந்திகளில் கூரையோடு ஒரு கட்டடம்கூட இருக்கவில்லை. பதிவு எடுத்தது, நிவாரணம் கொடுத்தது, பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தது எல்லாம் நின்ற மரங்களுக்குக் கீழேதான். பிறகு கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியை அகலித்தார்கள், மின்கம்பங்கள் வந்தன, கடைத்தொகுதிகள் எழும்பின. மரங்கள் போயின. பலவற்றை வேறு வழியில்லாமல்தான் எடுத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. மற்றவை ஏன் போயின என்று விசாரித்தால் ஒரே பதில்தான்: அப்படி ஒரு மரம் நின்றதற்கு எந்தக் கோவையிலும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இடம்பெயர்வில் காணிக் கடதாசி தொலைத்தவர்கள்கூட மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கு யார் எடுப்பது?

ஆகவே கொப்பியில் இருந்து தொடங்கினோம். ஒரு சீ.ஆர். கொப்பி, தையல்கடையில் பாவிக்கிற அளவு நாடா, படம் எடுக்க ஒரு கைபேசி. மரத்தின் பெயர், நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு, எந்த வீதி, எந்தப் பக்கம், பக்கத்தில் கம்பி போகிறதா, என்ன குறை தெரிகிறது, கைபேசி காட்டுகிற இட அடையாளம். இலக்கத்தைப் பெயின்றால் எழுதினோம். தகரத்தில் இலக்கம் அடித்து ஆணியால் அறைந்தால் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் மரம் பருக்கப் பருக்க ஆணியையும் விழுங்கும், பிறகு தகரத்தையும் விழுங்கும்.

கொப்பியில் மினக்கெட்டு நிரப்ப வேண்டியது ‘யாருடையது’ என்ற நிரல்தான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ். சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்வீதிகள்தான் சபைக்கு. குளக்கட்டில் நின்றால் பெரிய குளமா சிறிய குளமா என்று பார்த்து, நீர்ப்பாசனத் திணைக்களமா கமநல அபிவிருத்தித் திணைக்களமா என்று தேட வேண்டும். பாடசாலை மதிலுக்கு உள்ளே அடிமரமும் வெளியே முழுக் கொப்பும் இருக்கிற மரங்கள் வேறு. மின்சார ஆட்கள் கொப்பு வெட்டுவார்கள், ஆனால் எந்த மரமும் அவர்களுடையது அல்ல. ஒரே சந்தியில் நிற்கிற நாலு மரத்துக்கு நாலு சொந்தக்காரர் இருப்பதைப் பார்த்த பிறகுதான், இவ்வளவு நாளும் ஆபத்து என்று சொன்னால் ஏன் யாரும் வருவதில்லை, வெட்டுகிறபோது ஏன் யாரும் கேட்பதில்லை என்று விளங்கியது.

கொப்பியின் பலன் கொஞ்சக் காலத்தில் தெரிந்தது. ஒரு வீதி வேலைக்கு அளவெடுக்க வந்தவர்களிடம் “ஐயா, அதில ஒரு பெரிய மரம் நிக்குது” என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். இலக்கம், இனம், சுற்றளவு, படம் என்று ஒரு பக்கத்தில் தட்டச்சு அடித்து, ஒப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினால் அதைக் கோவையில் போட்டுத்தான் ஆக வேண்டும். கோவையில் போட்டதற்குப் பதில் எழுதவும் வேண்டும். அதில் ஒரு மருதும் இருந்தது. மருதுதான் வடக்கு மாகாணத்தின் மரம் என்று மாகாண சபையே அறிவித்தது என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிதான் வேலை செய்ததோ என்னவோ, கானை மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். அதே வீதியில் நின்ற இரண்டு வேம்பும் ஒரு வாகையும் தப்பவில்லை.

ஒரு மரம் விழுமா விழாதா என்று பார்ப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டியது அதை வைத்துத்தான். முதலில் தூர நின்று பாருங்கள். மரம் சரிந்து நிற்பது மட்டும் ஆபத்து இல்லை. வெளிச்சம் தேடிச் சின்னதிலேயே சரிந்து வளர்ந்த மரம் அப்படியே நூறு வருடம் நிற்கும். நேராக நின்ற மரம் திடீரென்று சரிந்து, சரிவுக்கு எதிர்ப்பக்கத்தில் நிலம் வெடித்து மேலே தூக்கியிருந்தால் அன்றே கயிறு கட்டி வீதியை மறிக்க வேண்டும். பிறகு அடிக்குப் போங்கள். வேர்க் கழுத்தில் காளான் முளைத்திருக்கிறதா, பட்டை குழிந்து ஈரமாக இருக்கிறதா, கறையான் மண் ஏறியிருக்கிறதா? கறையான் பெரும்பாலும் செத்த பகுதிக்குத்தான் வரும்; உள்ளே ஏதோ செத்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அடுத்தது கவர். இரண்டு பெரிய கொப்பு ஒன்றோடொன்று நெருங்கிக் கூர்மையாகப் பிரிகிற இடத்தில் பட்டை உள்ளே மடிந்திருந்தால், பார்வைக்குப் பலமாகத் தெரிந்தாலும் பிடிமானம் குறைவு. காற்றுக்குப் பிளப்பது அந்த இடத்தில்தான்.

கொட்டாப்புளியால் தட்டிப் பார்ப்பது பழைய முறை, இன்றைக்கும் நல்ல முறை. சுற்றிவரத் தட்டிக்கொண்டு வந்தால் கோறையான இடத்தில் சத்தம் மாறும். கோறை என்றவுடன் வெட்டச் சொல்லாதீர்கள். மரத்தின் நடு, செத்த மரம்தான். பாரம் தாங்குவது வெளிச்சுவர். நல்ல சுவரின் தடிப்பு, அடிமரத்தின் ஆரையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் பயமில்லை என்பது மரம் பார்ப்பவர்கள் பாவிக்கிற கணக்கு. கோறைக்குப் பெரிய வாய் திறந்திருந்தால் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. பழைய வேம்புப் பொந்துகளில் கிளி குஞ்சு பொரிக்கிறது. பொந்தைக் கொங்கிறீற் போட்டு அடைக்கிற பழக்கம் ஒன்று இருந்தது, அதைக் கைவிடுங்கள். உள்ளே ஈரம் நின்று இன்னும் கெடும். காற்றில் மரம் ஆடும்போது கொங்கிறீற் ஆடாது, சுவரைத்தான் உடைக்கும்.

எங்கள் பக்கத்து மரங்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு, இதை வெளியூர்ப் புத்தகங்களில் பார்க்க முடியாது. இரும்பு. சண்டை நடந்த இடங்களில் நின்ற பழைய மரங்களில் ஷெல் பீஸும் துப்பாக்கிச் சன்னமும் இருக்கின்றன. காற்றுக்கு விழுந்த ஒரு மருதைச் சபை உழவு இயந்திரத்தில் ஏற்றி மரக்காலைக்குக் கொண்டுபோனோம். மரக்காலைக்காரர் குற்றியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, “தம்பி, இது மெயின் ரோட்டு மரமோ?” என்று கேட்டார். ஓம் என்றதும், “அப்ப நான் அரிய மாட்டன். வாள் போனா நீரோ தாறீர்?” என்றார். கடைசியில் வாளுக்கு நான் பொறுப்பு என்று சொல்லி, ஒரு துண்டை மட்டும் நீளவாக்கில் பிளந்தோம். வெட்டு முகத்தில் கையளவு நீளத்துக்குக் கருநீலக் கறை. மருதில் துவர்ச்சத்து அதிகம். இரும்பு பட்டால் மை மாதிரிக் கறுக்கும். கறையின் நடுவே விரல்நகம் அளவில் ஒரு கூரான துண்டு, துருவேறி, அசையாமல். அதற்கு உட்பக்கத்து மரம் கறுத்து இற்றுப் போயிருந்தது. அதற்கு வெளிப்பக்கம், ஷெல் பட்ட பிறகு வளர்ந்த மரம் முழுக்க, ஒரு பொட்டுக் கறையில்லாமல் சிவப்பாக இருந்தது.

அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் இப்படி மரங்களை நெடுக்காகப் பிளந்து பிளந்து பார்த்துத்தான், மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் கட்டி மூடிவிட்டு வெளியே புதிதாக வளர்கிறது என்று 1970களில் எழுதினார். மரக்காலையில் நான் பார்த்தது அதையேதான். இதில் இருந்து வருகிற பாடம் வெட்டுகிறவர்களுக்கு: மரத்தில் நாங்கள் போடுகிற ஒவ்வொரு வெட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். எனவே குறைவாக வெட்ட வேண்டும், சின்னதாக இருக்கும்போதே வெட்ட வேண்டும், வெட்டுகிற இடம் பார்த்து வெட்ட வேண்டும். (ஷெல் பீஸுக்கு ஒரு நன்மையும் உண்டு. இரும்பு இருக்கும் என்ற பயத்திலேயே கள்ள மரக்காரர் சில பெரிய மரங்களைத் தொடாமல் விட்டார்கள்.)

வெட்டுவது என்றால் எங்கள் ஊரில் மொட்டையடிப்பதுதான். மாரிக்கு முன்னம் கம்பிப் பாதையைத் துப்புரவாக்க வந்த ஒரு குத்தகைக் குழு, ஒரு வீதி முழுக்க வேம்புகளைத் தலையோடு அறுத்துவிட்டுப் போனது. பொழுதுபடும்போது எல்லாம் கம்பங்களாக நின்றன. சனத்துக்குச் சந்தோஷம், “இனிப் பயமில்லை.” அடுத்த வருடமே ஒவ்வொரு வெட்டுவாயில் இருந்தும் கொத்துக்கொத்தாகப் போத்துகள் கிளம்பி, முன்பு நின்றதைவிட வேகமாகக் கம்பியைத் தொட்டன. இந்தப் போத்துகள் அடிமரத்தின் உள்ளிருந்து வந்த கொப்புகள் அல்ல, பட்டைக்குக் கீழே மேலோட்டமாக ஒட்டிக்கொண்டவை. அவை பருத்துப் பாரம் ஏறும் நேரத்தில் அடியில் வெட்டுவாய் உக்கத் தொடங்கியிருக்கும். ஆக, மொட்டையடித்தால் ஆபத்து குறைவதில்லை, சில வருடம் தள்ளிப் போகிறது, அதுவும் பெருத்து.

சரியான வெட்டு இப்படி. கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் சுற்றிவர ஒரு தடிப்பு இருக்கும். நாங்கள் அதைக் கழுத்து என்போம். பெரிய கொப்பென்றால் முதல் வெட்டைக் கழுத்தில் இருந்து ஓர் அடி தள்ளி, கீழ்ப்பக்கத்தில் இருந்து மேல்நோக்கி, தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை போட வேண்டும். இரண்டாவது வெட்டு மேலிருந்து, இன்னும் கொஞ்சம் வெளியே. கொப்பு தன் பாரத்தில் முறிந்து விழும், ஆனால் பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகாது. மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்கு வெளியே ஒட்ட எடுத்துவிட வேண்டும். கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு மட்டமாகச் சீவினால் மூடுகிற சக்தி போய்விடும். அரை முழம் கட்டை விட்டால் அது உக்கி, உக்கல் உள்ளே இறங்கும். வெட்டுவாயில் தார், பெயின்ற், சாணம் ஒன்றும் பூசத் தேவையில்லை. ஒரு தடவையில் பச்சையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக்கூடாது. இந்த வேலைக்கு நாங்கள் ஒதுக்கியது ஆவணியும் புரட்டாதியும். ஐப்பசி பிறந்தால் மழை, ஏணி வழுக்கும். கம்பிக்குக் கிட்ட என்றால் மின்சாரக்காரர் லைனை நிறுத்தும்வரை கத்தியைத் தூக்கக்கூடாது. 33,000 வோல்ற் லைனுக்குக் கொப்பு தொடத் தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும்.

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. விடியக் கொப்பியையும் கொண்டுதான் வெளிக்கிட்டேன். எங்கள் பகுதியில் காற்று பயந்த அளவுக்கு இல்லை, மழைதான் கனக்க. ஆனாலும் விழுந்திருந்தன. கடிதம் எழுதி “ஆபத்து” என்று சொல்லப்பட்ட மரங்கள் பெரும்பாலும் நின்றன. விழுந்தவற்றில் கூடுதலானவை, கொஞ்ச வருடத்துக்கு முதல் கான் வெட்டிய வீதியில், கான் ஓடிய பக்கத்தில் நின்றவை. வேர்த்தட்டைப் பார்த்தால் கதை விளங்கியது. ஒரு பக்கம் வேர் விரிந்து மண்ணோடு கிளம்பியிருந்தது. மற்றப் பக்கம் ஜே.சி.பி. வாளி இழுத்த கோட்டோடு நேராக முடிந்திருந்தது, பிய்ந்த நுனிகள் கறுத்து இற்றுப் போய்.

ஆணிவேர் பாதாளம் வரை போகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். மரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் எடுக்கிற வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது, கொப்பு நிழலையும் தாண்டி ஓடுகிறது. அடிமரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருகிற தூரத்துக்குள் கிண்டாதே என்பது வெளிநாடுகளில் கட்டட வேலைகளுக்கு வைத்திருக்கும் அளவு. விட்டம் 50 சென்ரிமீற்றர் என்றால் 6 மீற்றர். எங்கள் வீதிகளில் கடைக்கும் தாருக்கும் இடையிலேயே அவ்வளவு இடம் இல்லை. ஆகவே நாங்கள் பிடித்துக்கொண்டது சின்ன விசயங்களைத்தான்: மரத்தடியில் மெசின் வேண்டாம், மண்வெட்டியால் வெட்டுங்கள். மணிக்கட்டுத் தடிப்புக்கு மேல் வேர் வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் என்றால் வேரை அறுக்காமல் கீழால் நுழையுங்கள். வெட்ட நேர்ந்த வேரைப் பிய்க்காமல் வாளால் அறுங்கள். ஒரே மரத்துக்கு இரண்டு பக்கமும் வெட்டாதீர்கள். கிரவலைக் கொட்டி உருளையால் இறுக்குவதும் வேருக்கு வெட்டுத்தான்; மண்ணில் காற்றும் இல்லை, தண்ணீரும் இறங்காது.

சீமெந்தும் அப்படித்தான். இதில் கோயில் விசயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வன்னியில் மரத்தைக் காப்பாற்றுவதற்கு ஒரு கல்லும் ஒரு சூலமும் போதும்; வைரவர் இருக்கிற மரத்தில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிற சாரதிகளின் நாட்டில் இது சட்டத்தைவிடப் பலம். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ யாராவது காசு அனுப்புவார். அடிமரத்தைச் சுற்றி மேடை கட்டி மாபிள் பதிப்பார்கள். பிறகு கொட்டகை, பிறகு கொட்டகைக்கு இடைஞ்சலாக மரம். ஓர் இலுப்பை இப்படிப் போகப் பார்த்தது. பரிபாலன சபைக்காரரிடம் வேர் பற்றிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்து, மேடையை அடிமரத்தில் இருந்து ஒரு பாகம் (ஏறத்தாழ ஆறு அடி) தள்ளி வட்டமாகக் கட்டி, உள்ளே மண்ணை அப்படியே விட்டு மணல் பரப்பினால் விளக்கேற்றவும் வசதி, மாபிள் செலவும் குறைவு என்று கணக்குக் காட்டினேன். செலவு என்றதும் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரச மரத்தைப் பற்றி இங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பொது இடத்தில் நிற்கிற அரச மரம் வெறும் மரம் அல்ல, புத்த விகாரை அரசியலும் அதோடு சேர்ந்தது என்பது வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நெருப்பு எங்கள் ஆட்களே வைத்தது. காலையில் வீதி கூட்டுகிறவர்கள் சருகைக் குவித்து மரத்தடியிலேயே கொளுத்துவார்கள். “சாம்பல் மரத்துக்குப் பசளைதானே ஐயா” என்றார் ஓர் அக்கா. பட்டைக்குக் கீழே உயிருள்ள படை மெல்லியது, 60 பாகை செல்சியஸ் சூடு ஏறினாலே செத்துவிடும். வெளியே பட்டை கறுத்தது மட்டும் தெரியும், அடுத்த வருடம் அந்தப் பக்கத்துக் கொப்பு பட்டுப்போகும். கொளுத்தாதே என்று சுற்றறிக்கை ஒட்டினால் நடக்காது, ஏனென்றால் சருகை அள்ளிக்கொண்டு போக அவர்களிடம் வண்டி இல்லை. ஒவ்வொரு வீதி முடிவிலும் நாலு பனைமட்டை நட்டு வலை சுற்றிச் சருகுக் கூடு போட்டுக் கொடுத்தோம். உக்கியதை நாற்றுமேடைக்கு எடுத்தோம். நெருப்பு தானாக நின்றது.

ஆணி பற்றிக் கொஞ்சம்: ரியூசன் போர்ட், மரண அறிவித்தல், தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சியும். சனசமூக நிலையப் பொடியளைக் கொண்டு ஒரு சனிக்கிழமை பிடுங்கினோம், பஸ் தரிப்பிட வாகையில் இருந்து மட்டும் ஒரு சிரட்டை நிறைய வந்தது. ஆழப் போனதை விட்டுவிடுங்கள், கிண்டி எடுத்தால் காயம் பெரிதாகும். நஞ்சு அதைவிட மோசம். காரணமில்லாமல் ஒரு மரம் ஒரேயடியாக இலை காய்ந்தால் அடியில் மண் பூசிய இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு கடை வாசலில் அப்படித் தேடியபோது துளைகருவியால் போட்ட ஓட்டைகள் வரிசையாக இருந்தன. படம் எடுத்து முறைப்பாடு கொடுத்தோம். யார் என்று எல்லாருக்கும் தெரியும், சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அந்த இடத்திலேயே மறுபடி ஒரு வேம்பு நட்டோம், கொஞ்சம் பெரிய கன்றாகப் பார்த்து.

நடுவதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், நான் கனக்கச் சொல்லப் போவதில்லை. மாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதம் ஆக்கியது நல்ல காரியம், மழை இருக்கும், பிடித்துவிடும். சாவது அடுத்த கோடையில். தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிற இடத்தில் மட்டும் நடுங்கள். ஓட்டோத் தரிப்பிடம், தேத்தண்ணிக் கடை, பஸ் நேரம் எழுதுகிறவர் இருக்கிற கொட்டில், இவற்றுக்குப் பக்கத்தில் நட்டவை எங்களுக்குத் தப்பின. அமைச்சர் வந்து நட்டவை தப்பவில்லை. இரும்புக் கூடு போட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். பனைமட்டை வரிச்சும் கிளுவைக் கதியாலும் போதும். கட்டாக்காலி மாட்டுக்கு அது தாங்கும், ஆட்டுக்கு இன்னும் நெருக்கி அடிக்க வேண்டும். பொலித்தீன் பையைக் கிழித்து, சுற்றிச் சுருண்ட வேரை விரித்துவிட்டு நடுங்கள். கம்பிக்குக் கீழே மருதும் வாகையும் வேண்டாம், மயிற்கொன்றை நிழலுக்கு வடிவு என்றாலும் கொப்பு சோத்தி, லேசாக முறியும், வாகனம் நிறுத்துகிற இடத்தில் வேண்டாம். வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில் விழுந்தவுடன் போட வேண்டும், சில கிழமை வைத்தால் முளைக்காது. பாலை மரம் நடுகிறவர் பேரப்பிள்ளைகளுக்காக நடுகிறார். ஆனாலும் நாங்கள் நட்டோம், வீதியில் கூறு கட்டி விற்கிற பாலைப்பழத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் வேறு எதை நடுவது.

உண்மையிலேயே எடுக்க வேண்டிய மரமும் உண்டு. அப்போது கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள், மரம் நிற்கிற நிலத்தின் சொந்தக்காரத் திணைக்களத்துக்குப் பிரதி போடுங்கள், படம் இணையுங்கள். பலா, ஈரப்பலா, பனை என்றால் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, சொந்தக் காணியில் என்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. வீதியில் விழுந்து கிடந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுங்கள். விழுந்த மரத்தின் குற்றி எங்கே போகிறது என்பதையும் கொப்பியில் எழுதி, ஏற்றிப்போகும் அனுமதிப் பத்திரத்தின் பிரதியை ஒட்டுங்கள். குற்றிக்குக் கணக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எங்களுக்கு வந்த “ஆபத்தான முதிரை”க் கடிதங்கள் குறைந்தன.

கடைசியாக ஒப்பந்த வேலைகள். கூட்டத்தில் தவிசாளர், பொறியியலாளர், ஒப்பந்தகாரர் எல்லாரும் மரத்தைப் பாதுகாப்போம் என்று தலையாட்டுவார்கள். விலைப்பட்டியலில் ‘மரத்தடியில் கையால் அகழ்தல், மரத்தைச் சுற்றித் தற்காலிக வேலி’ என்று தனி வரியாகக் காசு போடாவிட்டால் அது நடக்காது. காசில்லாத வேலையை யார் செய்வார்? வரியைப் போட்டாலும் கூட்டத்துக்கு வராத ஒருவர் இருக்கிறார், ஜே.சி.பி. ஓட்டுகிற தம்பி. அவர் வெளி மாவட்டத்தில் இருந்து முதல் நாள் இரவுதான் வந்திருப்பார், மணித்தியாலக் கணக்கில் சம்பளம், அவருக்குக் கொப்பியும் தெரியாது கடிதமும் தெரியாது. வேலை தொடங்குகிற அன்று காலை ஏழு மணிக்கு முதல் போய், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அவரோடு வீதியை நடந்து முடியுங்கள். எந்த மரத்தடியில் வாளியைத் தூக்க வேண்டும் என்று நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். மழை பெய்தால் கோடு அழிந்துவிடும், அடுத்த நாளும் போக வேண்டும்.